பூட்டாத வைஃபை: மாட்டியவர்களும் நழுவியவர்களும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்றொரு சிற்றூர். 2007-இல் அங்கே ஒருவர் மதிய இடைவேளையில் ஒரு காபிக்கடை வாசலில் காரை நிறுத்துவார். உள்ளே போகமாட்டார், காபியும் வாங்கமாட்டார். கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த வைஃபையில், காரில் இருந்தபடியே மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சல் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். போலீஸ் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார். அது தப்பு என்று அவருக்குத் தெரியாது. கடை நடத்திய பெண்மணிக்கும் தெரியாது. எந்தச் சட்டத்தின்படி அது தப்பு என்பது விசாரிக்க வந்த போலீஸுக்கே உடனே தெரியவில்லை. புரட்டிப் பார்த்ததில், கணினிக்குள் அத்துமீறி நுழைவதைத் தடுக்க 1979-இல் எழுதிய சட்டம் அகப்பட்டது. அதன்படி ஐந்தாண்டு சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் வரை போகலாம். கடைசியில் 400 டாலர் அபராதத்தோடும் 40 மணி நேர சமூக சேவையோடும் விவகாரம் முடிந்தது.

இந்த மாதிரி வழக்குகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். 2005-இல் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வீட்டுக்கு வெளியே நெடுநேரமாக ஒரு கார் நின்றது. உள்ளே மடிக்கணினியோடு ஒருவர். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டார். அதே ஆண்டில் மேற்கு லண்டனில் இன்னொரு மடிக்கணினிக்காரர் சிக்கினார். ஐசில்வொர்த் நீதிமன்றம் அவருக்கு 500 பவுண்டு அபராதம் விதித்தது. 2007-இல் லண்டனின் சிசிக் பகுதியில் ஒருவர் யார் வீட்டுத் தோட்டச் சுவரிலோ உட்கார்ந்து இணையம் பார்த்துக்கொண்டிருந்தார். ரோந்து வந்தவர்கள் கண்ணில் பட்டார், கைதானார். அலாஸ்காவின் பாமர் ஊரில் நூலகம் மூடிய பிறகு அதன் வாகன நிறுத்தத்தில் இருந்து கணினி விளையாட்டு ஆடிய இளைஞரின் மடிக்கணினியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது.

அத்தனை பேரும் கண்ணில் பட்டதால்தான் மாட்டினார்கள். ரூட்டரின் பதிவைப் பார்த்தோ, தொழில்நுட்பத் துப்பறிந்தோ எவரையும் பிடிக்கவில்லை. மின்னஞ்சல் பார்த்தவர்கள், விளையாடியவர்கள், சும்மா உலாவியவர்கள் பிடிபட்டார்கள். மேல்மாடியில் கட்டிலில் சாய்ந்தபடி கீழ்வீட்டு இணைப்பில் இரவெல்லாம் படம் இறக்குபவர் எந்த ரோந்துக்காரர் கண்ணிலும் படமாட்டார். நிஜமாகவே கெட்ட எண்ணத்தோடு வருபவர் வீட்டு வாசலில் காரை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கவும் மாட்டார்.

சிங்கப்பூர் வழக்கு கொஞ்சம் வேறுபட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் புகாரில் 17 வயது மாணவர் ஒருவர்மீது கணினி முறைகேட்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். மூன்றாண்டு சிறை, பத்தாயிரம் சிங்கப்பூர் டாலர் அபராதம் வரை இடமுள்ள குற்றம் அது. பையன் ஒப்புக்கொண்டார், 2007 தொடக்கத்தில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேர சமூக சேவையும் விதிக்கப்பட்டன. அந்த ஊரில் சட்டம் எழுத்தில் இருந்தால் நடைமுறையிலும் இருக்கும் என்பதற்கு இது இன்னொரு சான்று.

பெரும்பாலான நாட்டுச் சட்டங்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: அனுமதி இருந்ததா? வைஃபை விஷயத்தில் இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. ரூட்டர் தன் பெயரை நொடிக்குப் பத்துமுறை போலக் காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கும். கைப்பேசி அதைக் கேட்டு, சேரலாமா என்று கேட்கும். பூட்டு இல்லாத ரூட்டர் சேரலாம் என்று சொல்லி ஒரு முகவரியும் ஒதுக்கித் தரும். கேட்டேன், கொடுத்தது, இதில் அத்துமீறல் எங்கே என்பது ஒரு தரப்பு. கொடுத்தது இயந்திரம், உரிமையாளர் அல்ல என்பது எதிர்த்தரப்பு. 2000-களின் தொடக்கத்தில் விற்ற ரூட்டர்களில் பல, பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்ததுமே பூட்டில்லாமல் வேலை செய்தவை. அவற்றை வாங்கியவர்கள் தாராளத்தால் திறந்து வைக்கவில்லை, பூட்டத் தெரியாமல் விட்டார்கள். அதே காலத்தில் அக்கம்பக்கத்தார் பயன்படுத்தட்டும் என்று வேண்டுமென்றே திறந்து வைத்தவர்களும் உண்டு. காற்றில் வரும் சிக்னலைப் பார்த்து, இதில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தெருவில் விழும் வீட்டு விளக்கின் வெளிச்சத்தில் படித்தால் குற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிச்சத்தில் யார் படித்தாலும் வீட்டுக்காரருக்குக் குறைவதில்லை, இணைப்பின் வேகமோ குறையும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நீதிமன்றங்களும் குழம்பித்தான் போயின. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரக் கீழ்நீதிமன்றம் 2007-இல், திறந்த வைஃபையில் அனுமதியின்றி நுழைந்த ஒருவரைக் குற்றவாளி என்றது. ரூட்டர் கொடுத்த ஐபி முகவரியே பிறருக்குரிய செய்தி, அதை இவர் ஒட்டுக்கேட்டார் என்பது வாதம். 2010-இல் அதே நீதிமன்றம் அப்படியே திரும்பிவிட்டது. அந்த முகவரி நுழைந்தவருக்கென்றே ஒதுக்கப்பட்டது, தனக்கு வந்த செய்தியைத் தானே எப்படி ஒட்டுக்கேட்க முடியும் என்று கேட்டது. மேல்நீதிமன்றமும் அதை ஏற்றது. நெதர்லாந்தில் ஹேக் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல், ரூட்டர் என்பது சட்டம் சொல்லும் கணினியே இல்லை, எனவே பக்கத்து வீட்டு இணைப்பில் புகுந்தது கணினி ஊடுருவல் ஆகாது என்றது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஜப்பானில் இன்னும் வேடிக்கை. பக்கத்து வீட்டு வைஃபையின் பழைய பாணிக் குறியீட்டை உடைத்து நுழைந்த ஒருவரை, 2017-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மற்ற இணைய மோசடிகளுக்காகச் சிறைக்கு அனுப்பியது. ஆனால் அந்த ஒரு குற்றச்சாட்டில் விடுவித்தது. உடைத்தெடுத்த சாவி வானொலிச் சட்டம் காக்கும் ‘தகவலின் இரகசியம்’ ஆகாது என்பது காரணம்.

இந்தியாவில் சட்டத்தின் சொற்கள் ஓரளவு தெளிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியையோ கணினி வலையமைப்பையோ அணுகுவதைப் பற்றிப் பேசுகிறது. பூட்டு இருந்ததா, பாஸ்வேர்டு இருந்ததா என்று அது கேட்கவில்லை. ஆகவே ‘திறந்துதானே கிடந்தது’ என்பது இங்கே விடையாகாது. 43-ஆம் பிரிவு தனியாகச் சிறைக்கு அனுப்பாது, நஷ்டஈடு மட்டுமே. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு வந்துவிடும்: மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நேர்மையற்ற எண்ணம் என்பது ஒருவருக்கு முறையற்ற ஆதாயத்தையோ, இன்னொருவருக்கு முறையற்ற இழப்பையோ உண்டாக்கும் நோக்கம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில் கைப்பேசி தானாகவே ஏதோ ஒரு கடையின் வைஃபையில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாட்ஸ்அப் செய்தி வந்துவிட்டால் அதில் எந்த எண்ணமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரரின் மாதாந்தர டேட்டா வரம்பு பதினைந்தாம் தேதியே தீர்ந்து, அவர் இணைப்பு ஆமை வேகத்துக்கு இறங்கும்வரை படம் பார்ப்பவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. பாஸ்வேர்டை உடைத்தோ ஊகித்தோ நுழைந்தால் விவாதத்துக்கே இடமில்லை. ஹோட்டல் சுவரில் எழுதி ஒட்டிய பாஸ்வேர்டு சாப்பிட வந்தவருக்கு. அதை மனப்பாடம் செய்துகொண்டு எதிர்ச்சாரி மரத்தடியில் மாதக்கணக்கில் பயன்படுத்துபவர் ஸ்பார்ட்டாக்காரரின் நிலையில்தான் இருக்கிறார். இதற்கெல்லாம் யார் செயலரிடம் மனு போடப் போகிறார்கள் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். வீட்டுக்காரர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மாடிப்படியில் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம் ஊரில் பெரும்பாலும் அதோடு சரி.

ஆனால் இந்தியாவில் திறந்த வைஃபை வெறும் அக்கம்பக்கச் சண்டையாக நிற்கவில்லை. 2008 ஜூலை 26 மாலை அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிக்கச் சில நிமிடம் முன்பு ‘இந்தியன் முஜாஹிதீன்’ என்ற அமைப்பின் பெயரில் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரியைத் தேடிப் போன மகாராஷ்டிர போலீஸ் சென்று சேர்ந்தது நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அடுக்ககத்துக்கு. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவர் செய்த காரியம், வீட்டு வைஃபையைப் பூட்டாமல் விட்டது. அவரை விசாரித்தார்கள், கணினிகளை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள், அவர் பெயர் வாரக்கணக்கில் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஆகஸ்டில் வந்த அடுத்த மின்னஞ்சல் மாட்டுங்காவின் கால்சா கல்லூரி இணைப்பிலிருந்து. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. மும்பையைச் சுற்றித் திறந்த சிக்னல்களைத் தேடிப் பிடித்துத்தான் இவை அனுப்பப்பட்டன என்று பிறகு போலீஸ் குற்றஞ்சாட்டியது. கைதானவர்களில் மென்பொருள் பொறியாளர்களும் இருந்தார்கள்.

2009 ஜனவரியில் மும்பை போலீஸே மடிக்கணினியோடு தெருவில் இறங்கிப் பூட்டாத வைஃபைகளைத் தேடத் தொடங்கியது. பிப்ரவரி 23 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது: வைஃபை பயன்படுத்துபவர் யார் என்பது பதிவாக வேண்டும், பொது இடங்களில் அடையாள அட்டை நகலோ, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் வரும் கடவுச்சொல்லோ வேண்டும். விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வைஃபைக்கு முன்னால் கைப்பேசி எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்புகிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் உள்ளூர் சிம் இல்லாமல் நம் விமான நிலையங்களில் திண்டாடுவதும் இதன் விளைவே.

அந்த அமெரிக்கருக்கு நேர்ந்தது ஏன் என்பதில்தான் இந்த விஷயத்தின் முழு முடிச்சும் இருக்கிறது. ஒரு வீட்டு ரூட்டருக்குப் பின்னால் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது பொதுவாக ஒரே ஐபி முகவரி. அதைச் சேவை நிறுவனத்திடம் கொடுத்தால் கிடைப்பது சந்தாதாரர் பெயரும் விலாசமும். உள்ளே யார் உட்கார்ந்து தட்டினார் என்பதை அந்த எண் சொல்லாது. 2011 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் விடியற்காலையில் ஆயுதங்களோடு ஒரு வீட்டுக்குள் புகுந்த மத்திய அரசின் அதிகாரிகள், குழந்தைகளை இழிவுபடுத்தும் படங்களை இறக்கியதாக வீட்டுக்காரரைக் கீழே தள்ளி மிரட்டினார்கள். அவருடைய பூட்டாத வைஃபையைப் பக்கத்து வீட்டுக்காரர் பயன்படுத்தியது சில நாளில் தெரியவந்தது. மினசோட்டாவில் ஒருவர் பக்கத்து வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை உடைத்து, அவர்கள் பெயரிலேயே அப்போதைய துணை அதிபர் ஜோ பைடனுக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார். மாட்டிவிடுவதே அவர் நோக்கம். 2011-இல் அவருக்கு 18 ஆண்டு சிறை விதித்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வைஃபையில் பூட்டு இருந்தது. ஆனால் அது 2001-இலேயே ஆய்வாளர்கள் உடைத்துக்காட்டிய டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு.

ஆகவே யாருக்கு ஆபத்து என்று கேட்டால், இரவல் வாங்கியவரைவிட இரவல் கொடுத்தவருக்கே அதிகம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்மனி இந்தக் கேள்வியை இன்னும் நேரடியாகவே எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போயிருந்தபோது அவர் இணைப்பில் யாரோ ஒரு பாடலைப் பகிர்ந்துவிட, இசை நிறுவனம் அவர்மீது வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் நஷ்டஈடு தரத் தேவையில்லை என்றது. ஆனால் சாதாரணப் பாதுகாப்புகூடச் செய்யாமல் விட்டதற்காக எச்சரிக்கைக் கடிதத்தின் செலவை ஏற்க வேண்டும் என்றது. அதற்குப் பின் ஜெர்மனியில் காபிக்கடைகள் வைஃபையைத் திறந்துவைக்கவே பயந்தன. மியூனிக் அருகே ஒலி, ஒளிக் கருவிக்கடை வைத்திருந்த ஒருவர் இசை நிறுவனத்தை எதிர்த்து விடாமல் போராடி, ஐரோப்பிய நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார். திறந்த வைஃபை நடத்துபவர் பிறர் செய்த திருட்டுக்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை, ஆனால் பாஸ்வேர்டு போடச் சொல்லி உத்தரவிடலாம் என்று 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனி தன் சட்டத்தைத் தளர்த்தியது.

இனி, இரவல் வைஃபையில் உலாவுபவரின் பக்கம்.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ‘ஃபயர்ஷீப்’ என்றொரு சிறு துணைநிரலை வெளியிட்டார். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அதைச் சேர்த்துவிட்டுக் காபிக்கடையின் திறந்த வைஃபையில் உட்கார்ந்தால் போதும். அதே வைஃபையில் ஃபேஸ்புக், ட்விட்டர் பார்ப்பவர்களின் பெயரும் படமும் ஓரத்தில் வரிசையாக வரும். ஒன்றின்மேல் இருமுறை தட்டினால் அவர் கணக்குக்குள் நீங்கள் இருப்பீர்கள். நிரலாளர் திருடர் இல்லை. நிறுவனங்களுக்கு உறைக்க வேண்டும் என்றுதான் செய்தார். அந்நாளில் பல தளங்கள் பாஸ்வேர்டை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, பின்தொடரும் எல்லாவற்றையும் காற்றில் அப்பட்டமாக அனுப்பின. அதே ஆண்டு மே மாதம் கூகுள் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருந்தது. தெருக்களைப் படமெடுக்கச் சென்ற அதன் கார்கள், வழியில் இருந்த பூட்டாத வைஃபைகளில் பறந்துகொண்டிருந்த தரவையும் சேர்த்து அள்ளிவிட்டன. ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் குடைந்த பிறகே இது வெளிவந்தது. திறந்த வைஃபை யாரும் கேட்கக்கூடிய வானொலி போன்றதுதானே என்று அமெரிக்க நீதிமன்றத்தில் கூகுள் வாதாடியது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பூட்டவில்லை என்பதால் ஒட்டுக்கேட்கும் உரிமை வந்துவிடாது என்பது அதன் சாரம்.

இந்தப் பயங்களில் பெரும்பகுதி இப்போது பழங்கதை. ஃபேஸ்புக் 2013-இல் எல்லோருக்கும் எச்டிடிபிஎஸ் என்னும் மறையாக்க வழியையே வழக்கமாக்கியது. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சிறு தளங்களுக்கும் அதற்கான சான்றிதழை இலவசமாகத் தந்தது. 2018-இல் குரோம் உலாவி, மறையாக்கம் இல்லாத தளங்கள் எல்லாவற்றிலும் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதத் தொடங்கியது. வங்கிச் செயலியின், வாட்ஸ்அப்பின் தரவு காற்றில் போகும்போது, ரூட்டர்காரருக்கு எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். உள்ளே என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறந்தால் பணம் போய்விடும் என்று இன்றும் சுற்றும் எச்சரிக்கைகள், பதினைந்து வருடத்துக்கு முந்தைய உலகத்துக்கு எழுதியவை.

எஞ்சியிருக்கும் ஆபத்து வேறு வகை: ஒட்டுக்கேட்பதல்ல, வேஷம் போடுவது. கைப்பேசி ஒருமுறை சேர்ந்த வைஃபையின் பெயரை நினைவில் வைத்து, அதே பெயர் எங்கே தெரிந்தாலும் தானாகச் சேரும். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2024-இல் ஆஸ்திரேலிய மத்திய போலீஸ் ஒருவர்மீது வழக்குப் போட்டது. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் அவர் சிறு கருவி ஒன்றால் அசல் போலவே பெயர் கொண்ட போலி வைஃபையை உருவாக்கினார் என்பது குற்றச்சாட்டு. சேர்ந்தவர்கள் முன்னால் ஒரு பக்கம் விரியும்: மின்னஞ்சலோ சமூக ஊடகக் கணக்கோ கொடுத்து நுழையவும். கொடுத்தவர்களின் பாஸ்வேர்டு அவர் கைக்குப் போனது. விமானத்தில் இருக்கக்கூடாத ஒரு வைஃபையைக் கவனித்துச் சொன்னவர்கள் விமான நிறுவன ஊழியர்கள். 2025 இறுதியில் அவருக்கு ஏழாண்டுக்கும் மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. இங்கே எச்டிடிபிஎஸ் காப்பாற்றாது. பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தது நாமே. வைஃபையில் சேர ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கும் பக்கத்தை அப்போதே மூடிவிட வேண்டும். சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரித்தால் ‘பரவாயில்லை’ பொத்தானைத் தட்டக் கூடாது. பழைய வைஃபைப் பெயர்களைக் கைப்பேசியிலிருந்து அவ்வப்போது நீக்கிவிடுவது நல்லது. விபிஎன் பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பாதி உண்மை. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை அது காபிக்கடைக்காரரிடமிருந்து மறைக்கும். ஆனால் அதையெல்லாம் அந்த விபிஎன் நிறுவனத்தின் வழியாக அனுப்பும். இலவச விபிஎன் என்றால் அந்த நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

வீட்டில் ரூட்டர் வைத்திருப்பவருக்கு வேலை கொஞ்சம்தான். வைஃபை பாஸ்வேர்டை மட்டுமல்ல, ரூட்டரின் உள்ளமைப்புக்குள் போகும் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். இணைப்புக் கொடுக்க வரும் பையன் பெரும்பாலும் அதை ‘அட்மின்’ என்றே விட்டுப் போவான். பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்துச் சேரவிடும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடலாம். அந்த எட்டு இலக்க எண்ணை அது இரு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடலாம் என்று 2011-இலேயே நிரூபித்துவிட்டார்கள். விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி இப்போது சாதாரண ரூட்டரிலும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டுமென்றே திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2008-இல், தன் வீட்டு வைஃபைக்குப் பூட்டே போடுவதில்லை என்று எழுதிப் பரபரப்பாக்கினார். விருந்தினருக்கு இணையம் கொடுப்பது சாதாரண மரியாதை, பாதுகாப்பு கணினிக்குள் இருக்க வேண்டியது என்பது அவர் கட்சி. இலவச வைஃபை ஒருவருக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆள் உண்டு. எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய ஒரு தொழிலாளி, நிலையத்து வைஃபையில் பாடங்களை இறக்கி, சுமை தூக்கும்போதே காதில் கேட்டு, 2018-இல் கேரள அரசுப் பணித் தேர்வின் எழுத்துத் தேர்வில் தேறினார். அது அனுமதியோடு திறந்த வைஃபை, அவரும் நிலையத்துப் பயணிகளைப் போல அதைப் பயன்படுத்தியவர்தான்.

அப்படித் திறப்பதற்கு அரசே போட்ட வழிதான் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிஎம்-வாணி திட்டம். டீக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ உரிமமோ கட்டணமோ இல்லாமல் வைஃபை விற்கலாம். யார் சேர்ந்தார் என்பதை உறுதிசெய்யும் வேலை அவருடையதல்ல, செயலியும் பின்னால் இருக்கும் நிறுவனமும் பார்த்துக்கொள்ளும். பூட்டில்லாத வைஃபையிலும் காற்றில் போவதை மறையாக்கும் ‘என்ஹான்ஸ்டு ஓப்பன்’ முறை 2018-லேயே வந்துவிட்டது. ஒட்டுக்கேட்பதை அது தடுக்கும். வைஃபையை வைத்திருப்பவர் அசலா போலியா என்பதை அது சொல்லாது; கீழ்வீட்டு இணைப்பில் மேல்மாடிக்காரர் ஏதாவது செய்து வைத்தால், சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் கீழ்வீட்டுக்காரர் பெயர் வருவதையும் அது மாற்றாது.